கேமரா ஷூவுல எதை மாட்டறது? பழைய வியூஃபைண்டர்ல நம்ம மலைக்கு எது ஒத்து வருது

ரிக்கோ ஜிஆர் 3 கேமரா வாங்கின மொத வாரமே நம்ம நீலகிரில கொடநாடு வியூ பாயிண்ட்டுக்குப் போனேன். பதினொன்ற மணி வெயில், கீழ மோயாறு மினுங்குது, தெங்குமரஹாடா வயலெல்லாம் பச்சைக் கட்டமா விரிஞ்சு கெடக்கு, ஆனா கேமராவோட பின்னாடித் திரையைப் பாத்தா என் மூஞ்சியும் மூக்குக்கண்ணாடியும்தான் தெரியுது. பிரைட்னஸ் முழுசா ஏத்தியும் பிரயோஜனம் இல்ல. கையால மறைச்சுட்டு ஒரு படம், தொப்பியைக் கழட்டி மறைச்சுட்டு ஒரு படம்னு எடுத்து வீட்டுக்கு வந்து பாத்தா பாதி படத்துல அடிவானம் சாஞ்சு இருக்கு, ரெண்டு மூணுல கம்பி வேலி உள்ள வந்துருக்கு. அன்னைக்குத்தான் கேமரா மேல ஃபிளாஷ் மாட்டற எடத்துல, அதான் ஷூவுல, கண்ணை வெச்சுப் பாக்கற ஒரு வியூஃபைண்டர் மாட்டியே ஆகணும்னு முடிவு பண்ணினேன்.

என்ன மாட்டறதுன்னு முடிவு பண்றதுக்கு மட்டும் ஒன்றரை வருஷம் ஆச்சு. என்கிட்ட ரெண்டு கேமரா. ஒண்ணு இந்த ரிக்கோ, 28 எம்.எம்முக்கு சமமான லென்ஸ் (இந்த நம்பர் குறையக் குறைய பிடிக்கற அகலம் கூடும்), உள்ள வியூஃபைண்டரே கிடையாது. இன்னொண்ணு ரஷ்யாவுல செஞ்ச ஸார்க்கி 4, ஃபிலிம் கேமரா, 50 எம்.எம் ஜூபிடர் 8, கூடவே 35 எம்.எம் ஜூபிடர் 12. ஸார்க்கில உள்ளயே வியூஃபைண்டர் இருக்கு, ஆனா அது 50-க்கு மட்டும்தான், அதுலயும் ஃப்ரேம் கோடு எதுவும் கிடையாது, மூக்குக்கண்ணாடி போட்டிருக்கறவங்களுக்கு ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாது. 35 லென்ஸ் மாட்டினா மேல தனியா ஒண்ணு மாட்டாம முடியாது. அதனால ரெண்டு கேமராவுக்கும் ஒரே கேள்வி, கிடைச்ச பதில் மட்டும் வேற வேற.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல நல்லா பதியணும். இந்த வெளி வியூஃபைண்டர் எதுவுமே லென்ஸ் வழியா பாக்கறது இல்ல. லென்ஸுக்கு மேல அஞ்சு ஆறு சென்டிமீட்டர் உயரத்துல உக்காந்து வேற ஜன்னல் வழியா பாக்குது. அதனால ரெண்டு விஷயத்தை அதுகிட்ட எதிர்பாக்கக் கூடாது. ஒண்ணு ஃபோகஸ், அது இதுல தெரியவே தெரியாது, எல்லாமே பளிச்சுன்னுதான் தெரியும். இன்னொண்ணு கிட்டத்துல துல்லியம். 50 எம்.எம் லென்ஸ் ஒரு மீட்டர் தூரத்துல நிமுத்தவாக்குல ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் தான் பிடிக்கும். வியூஃபைண்டர் 6 சென்டிமீட்டர் மேல இருந்தா படத்துல எட்டுல ஒரு பங்கு தப்பிப் போச்சு, தலை வெட்டுப்படும். அதே கேமரால மூணு மீட்டர் தள்ளி நின்னா பிடிக்கற உயரம் ஒன்றரை மீட்டருக்குக் கிட்ட, இப்ப அந்த 6 சென்டிமீட்டர் நூத்துல நாலு பங்குதான். எதிர்ல இருக்கற மலையை எடுக்கறப்ப சுத்தமா கணக்குலயே வராது. 28-ல இன்னும் நல்லது, ஒரு மீட்டர்லயே 85 சென்டிமீட்டர் உயரம் பிடிக்கும், அதனால தப்பு பாதியாயிடும். 135 லென்ஸ்னா நேர் எதிர், ரெண்டு மீட்டர்ல 35 சென்டிமீட்டர் தான், அங்க ஆறுல ஒரு பங்கு போயிடும். இந்தக் கணக்குதான் பாரலாக்ஸ். சுருக்கமா சொன்னா, லென்ஸ் எவ்வளவு வைடோ, ஆள் எவ்வளவு தள்ளியோ, அவ்வளவுக்கு இந்தப் பழைய சாமான் நமக்கு ஒத்து வரும். பூ, பூச்சி எடுக்கறவங்க இதோட நிறுத்திக்கலாம், உங்களுக்குத் திரைதான் சரி.

மொதல்ல கைக்கு வந்தது டர்ரட். எங்க மாமா ஊட்டி இந்து நகர்ல, ஃபிலிம் ஃபேக்டரில வேலை பாத்தவர். அதான் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1967-ல உற்பத்தி ஆரம்பிச்சு இந்துங்கற பேர்ல கருப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் போட்டது. மாமா இருந்தது கோட்டிங் பக்கம், ஷிஃப்ட் முழுக்க இருட்டுலயே நடமாடிப் பழகினவர், அதனாலயோ என்னவோ வெளிச்சத்தைப் பத்தி அவர் பேசினா நான் குறுக்க பேச மாட்டேன். ஸார்க்கியே அவர் குடுத்ததுதான். நான் கொடநாடு கதையைச் சொன்னதும் பீரோவைத் தொறந்து ஒரு தோல் டப்பாவை எடுத்து வெச்சார். "இதைப் போட்டுப் பாரு மாப்ள, அஞ்சு லென்ஸ் இதுக்குள்ள இருக்கு"ன்னார்.

ரஷ்யாவுல கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலைல செஞ்ச யுனிவர்சல் டர்ரட் அது. ஜெர்மன்ல ஸைஸ் ஐகான் கம்பெனி அவங்க கான்டாக்ஸ் கேமராவுக்காகப் போட்டதை மாதிரியா வெச்சு இவங்க செஞ்சது. முன்னாடி ஒரு உருளை, அதுல 28, 35, 50, 85, 135னு அஞ்சு குட்டிக் கண்ணாடி, ரிவால்வர் மாதிரி டிக் டிக்னு திருப்பலாம். ஒவ்வொரு டிக்குக்கும் பாக்கற அகலம் மாறும். தூரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கீழ சாய்க்கறதுக்கு வழியும் இருக்கு, பாரலாக்ஸுக்கு அது கை குடுக்கும். சந்தைல கிடைக்கற பழைய வியூஃபைண்டர்லயே குறைஞ்ச விலைல அதிகம் செய்யறது இதுதான், அதுல சந்தேகமே இல்ல.

மூணு மாசம் ஸார்க்கி மேலயே அது இருந்துச்சு. நல்லது எதுன்னா, இதுல ஓரம்ங்கறது கருப்பா வெட்டின விளிம்பு, வரைஞ்ச கோடு இல்ல. லாங்வுட் சோலைக்குள்ள சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிரும், அந்த இருட்டுலயும் படம் எங்க முடியுதுன்னு டர்ரட்ல தெளிவா தெரியும். வெளிச்சக் கோட்டால ஓரத்தைக் காட்டற பிரைட்லைன் வகையறால அது கஷ்டம், ஏன்னு கீழ சொல்றேன். 85, 135 லென்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கு வேற எதையும் தேட வேண்டியதே இல்ல.

ஆனா எனக்கு ஒத்து வரல. கண்ணை ரொம்பக் கிட்ட ஒட்டி வெச்சாத்தான் நாலு மூலையும் தெரியும், மூக்குக்கண்ணாடியோட பாத்தா நடுவாப்ல ஒரு வட்டம்தான் தெரியுது, அந்த உலோக வளையம் வேற உரசி என் கண்ணாடில கோடு விழுந்துருச்சு. 28-ல வெச்சா ஓரமெல்லாம் வளைஞ்சு மங்கலாயிடுது. அதை விடப் பெரிய குறை, ஃப்ரேமுக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது, குழாய்க்குள்ள பாக்கற மாதிரி. நம்ம ஊர்ல அது ரொம்பப் பெரிய குறை, ஏன்னா இங்க படத்தை முடிவு பண்றதே ஃப்ரேமுக்கு வெளிய இருக்கற மேகம்தான். கேத்தி பள்ளத்தாக்குல ரோட்டோரமா நின்னு பாருங்க, இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், அந்தப் பக்கம் மஞ்சு ஏறிட்டே இருக்கும், அது அட்டிக்கு, அதான் படுகர் ஊருக்கு, மேல வந்து ஓட்டு வீடுகளை மூடறதுக்கு முன்னாடி ஒரு அரை நிமிஷம்தான் கிடைக்கும். டர்ரட்ல பாத்துட்டு இருந்தப்ப மஞ்சு வர்றது எனக்குத் தெரியவே இல்ல, தெரிஞ்சப்ப எல்லாமே வெள்ளையாயிருச்சு. ஒரு சுருள்ல இருக்கறது 36 படம், இன்னைக்கு ஃபிலிம் விக்கற விலைக்கு அதுல ஒவ்வொண்ணும் வலிக்கும்.

ஒரு சின்ன விஷயம், வாங்கறவங்க கேட்டு வாங்கணும்: இந்த டர்ரட் ஸார்க்கி, ஃபெட் கேமராவுக்கு ஒரு மாதிரியும் கியெவ் கேமராவுக்கு வேற மாதிரியும் வந்துருக்கு, கால் இருக்கற இடம் மாறும். பாக்க ஒண்ணு போலவே இருக்கும், மாட்டினாத்தான் இடிக்கறது தெரியும்.

டர்ரட் மாதிரியே பல லென்ஸுக்கு ஒண்ணுன்னு லைக்காவுல ரெண்டு உண்டு. வீடோம்னு பழசு ஒண்ணு, அதுல இடது வலது மாறித் தெரியும். நடந்து போறவர் வலப்பக்கம் போனா இது இடப்பக்கம் காட்டும், கேமராவை நிமுத்திப் பிடிச்சா ஆளே தலைகீழாத் தெரியும். அந்தக் காலத்துல அதுக்கும் பழகி எடுத்திருக்காங்க, எனக்கு ஒரு மத்தியானத்துக்கு மேல தாங்கல. அப்புறம் வந்த வயூங்கறது நேரா காட்டும், 35-லருந்து 135 வரைக்கும் வளையத்தைத் திருப்பினா ஓரம் சுருங்கிட்டே வரும், படம் பெருசாகாது, ஜன்னல் மட்டும் சின்னதாகும். 135-க்குப் போனா தபால் தலை அளவுல ஒரு ஓட்டை. வேலை சுத்தம், ஆனா மூக்குக்கண்ணாடிக்காரங்களுக்கு இதுலயும் பெருசா வித்தியாசம் இல்ல.

அடுத்து குன்னூர்ல ஒரு ஃபிரெண்டு ரெண்டு வாரத்துக்குக் குடுத்தது ஃபோக்ட்லாண்டர் கோன்டூர். இதைப் பத்திக் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்லணும். இதுக்குள்ள பாத்தா எதிர்ல இருக்கறது தெரியாது, கும்மிருட்டு, நடுவுல ஒரு வெள்ளைச் சட்டம் மட்டும் மிதக்கும். ஒரு கண்ணு இதுல, இன்னொரு கண்ணு வெறுமனே எதிர்ல, ரெண்டையும் தொறந்து வெச்சா மூளை ரெண்டையும் சேத்து, உலகத்து மேலயே அந்த வெள்ளைச் சட்டத்தை ஒட்டிக் காட்டும். கண்ணாடி வழியா பாக்கற உணர்வே இல்ல, நேர்ல பாக்கற அதே அளவு, அதே வெளிச்சம், சுத்தி இருக்கற எல்லாமும் தெரியும்.

கட்டபெட்டு பக்கத்துல ஒரு தோட்டத்துல சாயங்காலம் கொழுந்து எடை போடறாங்க. சாக்கைத் தூக்கித் தராசுல மாட்டறதும், எழுதறவர் பென்சிலைக் காதுலருந்து எடுக்கறதும், பின்னாடி வரிசைல நிக்கறவங்க தலைத்துணியை அவுத்து முதுகைத் தேய்ச்சு விட்டுக்கறதும் எல்லாமே ஒரே நேரத்துல நடக்குது. கோன்டூரை வெச்சுட்டு நின்னேன். எந்தச் சாக்கு எப்ப ஏறும்னு சட்டத்துக்கு வெளியவே தெரிஞ்சுருது, அது உள்ள வர்ற நேரத்துக்கு விரலை அழுத்தினா போதும். கொழுந்து எடுக்கற அக்கா ஒருத்தர் வந்து, "கண்ணு, குடு பாக்கலாம்"னு வாங்கிக் கண்ணுல வெச்சுட்டு, "ஒண்ணுமே தெரியலயே, மூடியத் தொறக்காமயா இத்தன நேரம் எடுத்த?"ன்னு பதறிட்டாங்க. ரெண்டு கண்ணையும் தொறந்து பாருங்கக்கான்னேன். ஒரு நிமிஷம் அசையாம நின்னாங்க, அப்புறம் கையை நீட்டிக் காத்துல அந்தச் சட்டத்தைத் தொடப் பாத்தாங்க. அந்தச் சுருள்ல வந்த நல்ல படமே அந்தக் கை நீட்டின படம்தான்.

அப்படின்னா ஏன் அதையே வெச்சுக்கலன்னா, அதுக்குக் காரணம் என் கண்ணு. ரெண்டு கண்ணும் சமமா வேலை செய்யறவங்களுக்குத்தான் கோன்டூர். ஒரு கண்ணு ஓங்கி இருந்தா சட்டம் ஒரு பக்கமா நகர்ந்துட்டே போகும், இப்பத்தான் நடுவுல இருந்துச்சு, கண்ணு அசந்ததும் ஒரு சாண் தள்ளிருக்கும். எனக்கு அரை மணி நேரத்துக்கு அப்புறம் அப்படித்தான் ஆச்சு, தலைவலியும் வந்துச்சு. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிலைக்கதவு முன்னாடி நின்னு, சட்டத்தோட ஓரத்தை நிலைல ஒட்டி வெச்சு, ரெண்டு நிமிஷம் அசையாம பாருங்க. நகராம நின்னா தாராளமா வாங்கலாம், நகர்ந்தா விட்டுருங்க. இன்னொண்ணு, கோன்டூர்ல 6க்கு 6, 6க்கு 9 கேமராவுக்குன்னு செஞ்சதும் சுத்திட்டு இருக்கு. 24க்கு 36னு போட்டிருக்கான்னு பாக்கணும், அதுதான் 50 லென்ஸோட சாதா ஃபிலிம் கேமராவுக்கு.

கடைசியா ஸார்க்கி மேல உக்காந்தது லைக்காவோட ஸ்பூய். ஐம்பதுக்கு மட்டும், வேற எந்த லென்ஸுக்கும் ஆகாது. கோயமுத்தூர்ல பழைய கேமரா சேத்து வெச்சிருக்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட வாங்கினேன், டர்ரட்டை விடப் பல மடங்கு விலை, அதை நான் மறைக்கல. ஆனா கண்ணுல வெச்சதும் காரணம் புரிஞ்சுது. உள்ள நிஜமாவே எதிர்ல இருக்கறது தெரியுது, அதுவும் நேர்ல பாக்கற அதே அளவு, அது மேல மெல்லிசா ஒரு வெளிச்சக் கோடு. இன்னொரு கண்ணையும் தொறந்து வெச்சுக்கலாம், ரெண்டு படமும் ஒரே அளவுங்கறதால ஒண்ணு மேல ஒண்ணு பொருந்திக்கும். கோன்டூர் மாதிரி சட்டம் நகராது, ஏன்னா அந்த ஒரு கண்ணுலயே காட்சியும் கோடும் சேந்தே இருக்கு. மேல சின்னதா புள்ளிக் கோடு வேற உண்டு, கிட்டத்துல எடுக்கறப்ப தலையை அதுக்குக் கீழ வெச்சுக்கணும்.

அதை மாட்டிட்டு குன்னூர் ஸ்டேஷனுக்குப் போனேன், மேட்டுப்பாளையத்துலருந்து மலையேறி வர்ற வண்டிக்காக. கல்லாறுலருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத் தண்டவாளம், நீராவி எஞ்சின் பின்னாடிலருந்து தள்ளிட்டுத்தான் வரும். அதனால வளைவுல மொதல்ல தெரியறது எஞ்சின் இல்ல, பெட்டியோட முகப்புல கொடி வெச்சுட்டு நிக்கற பிரேக்மேன். புகை அங்க பின்னாடி மரத்துக்கு மேல தெரியும், எஞ்சின் கடைசிலதான் வரும். டர்ரட்ல பாத்தா பெட்டி பெட்டியா போயிட்டே இருக்கும், எஞ்சின் எப்ப வரும்னு கணிக்க முடியாது. ஸ்பூய்ல வலது கண்ணு கோட்டுக்குள்ள, இடது கண்ணு புகையைப் பாத்துட்டே இருக்கு, புகை நெருங்க நெருங்க விரல் தானா தயாராயிருது. பிரேக்மேன் கொடியைச் சுருட்டி அக்குள்ல வெச்சுட்டு இறங்கறப்ப அவர் தலைக்குப் பின்னாடி ஆவி எழும்பினது, அந்த ஒரு நொடி கிடைச்சுது. அதுக்கு மேல நான் வேற எதையும் தேடல.

இதோட குறையையும் சொல்லியாகணும். பிரைட்லைன்ல அந்தக் கோடு எதிர்லருந்து வர்ற வெளிச்சத்துலதான் தெரியும். ஆல்படான்னு ஒரு டச்சுக்காரர் கண்டுபிடிச்ச வழியும் இந்த மாதிரிதான், கண்ணுக்குப் பக்கத்துல வரைஞ்ச சட்டத்தை முன்னாடி இருக்கற லேசான வெள்ளிப் பூச்சு திருப்பி அனுப்பும். வெளிச்சம் இல்லாத எடத்துல கோடும் மங்கிரும், சோலைக்குள்ள டர்ரட் ஜெயிக்கறது இதனாலதான். பழைய ஆல்படா வகைல வெள்ளிப் பூச்சு போயிருந்தா கோடே தெரியாது, அதைத் திருப்பி உண்டாக்கறது நம்மால ஆகற வேலை இல்ல. ஸ்பிரிட் போட்டு உள்பக்கம் துடைச்சுடாதீங்க, அழுக்கோட சேந்து பூச்சும் வந்துரும்.

இப்ப டிஜிட்டலுக்கு வருவோம். ஜிஆர் மேல நான் மாட்டியிருக்கறது 28 எம்.எம் பிரைட்லைன், புதுசா வந்த ஃபோக்ட்லாண்டர் வகை. ஜப்பான்ல கோசினா கம்பெனி 1999-ல வியூஃபைண்டரே இல்லாத பெஸ்ஸா எல் கேமராவோட சேத்து ஆரம்பிச்ச வரிசை. ரிக்கோவே இதுக்குன்னு வெளி வியூஃபைண்டர் விக்குது, அதுவும் நல்லாதான் இருக்கு. டர்ரட்டையும் ஜிஆர் மேல வெச்சுப் பாத்தேன், கேமராவுல பாதி அளவு மேல நிக்குது, சட்டைப் பைல போட முடியாது, அப்புறம் எதுக்கு ஜிஆர்?

ஜிஆர்ல இது ஒத்து வர்றதுக்கு முக்கியமான காரணம் ஸ்னாப் ஃபோகஸ். வியூஃபைண்டர்ல ஃபோகஸ் தெரியாதுன்னு சொன்னேன் இல்லையா, ஜிஆர்ல தூரத்தை முன்னாடியே 2 மீட்டர், 2.5 மீட்டர்னு சொல்லி வெச்சுடலாம். லென்ஸ் துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கி, ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல வெச்சாலே ஒரு மீட்டர்லருந்து மலை வரைக்கும் ஷார்ப்பா வந்துரும். திரையை அணைச்சுட்டு, கோட்டை மட்டும் பாத்து அழுத்தறதுதான். ஸார்க்கில இதே எஃப் 8-க்கு 50 லென்ஸ்ல பத்து மீட்டருக்கு மேல வெச்சாத்தான் கடைசி வரைக்கும் வரும், கிட்டத்துல அஞ்சு மீட்டருக்கு உள்ள போச்சுன்னா மங்கிரும், அதனால அங்க கேமராவுக்குள்ள தூரம் அளக்கற ரேஞ்ச்ஃபைண்டர்ல ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம் கண்ணை மேல ஏத்தணும். ரெண்டு வேலை. அவசரத்துக்கு ஆகாது, ஆனா பழகிருச்சு.

வேற டிஜிட்டல் கேமரா வெச்சிருக்கறவங்க லென்ஸுல எழுதியிருக்கற நம்பரைப் பாத்து வியூஃபைண்டர் வாங்கிடாதீங்க. ஏபிஎஸ்-சின்னு ஃபிலிமை விடச் சின்ன சென்சார்னா ஒன்றரையால பெருக்கணும், 23 லென்ஸுக்கு 35 வியூஃபைண்டர், 18-க்கு 28, 33 இல்லாட்டி 35 லென்ஸுக்கு 50. அதை விடச் சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார்னா ரெண்டால பெருக்கணும், 14-க்கு 28, 17-க்கு 35, 25-க்கு 50. அதுலயும் படத்தோட வடிவம் 4க்கு 3, பழைய வியூஃபைண்டர் காட்டறது 3க்கு 2, அதனால பக்கவாட்டுல பொருந்தினா மேல கீழ பொருந்தாது. கேமராலயே 3க்கு 2-ன்னு மாத்தி வெச்சுக்கறது நிம்மதி. ஜூம் லென்ஸ் போட்டுட்டு இதை மாட்டறதுல அர்த்தமே இல்ல.

கேமராவுக்குள்ளயே எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் இருந்தா இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, நியாயம், பல வேலைக்கு அதுதான் மேல். எக்ஸ்போஷர் தெரியும், ஃபோகஸ் தெரியும், ஓரம் துல்லியம், பாரலாக்ஸ் இல்ல. கல்யாணம், படுகரோட ஹெத்தை ஹப்பா திருவிழா மாதிரி கூட்டம், ராத்திரின்னா எலக்ட்ரானிக் தான். என் கேமராவுல அது இல்ல, அதுக்காக வேற கேமராவுக்கு மாற எனக்கு மனசு இல்ல. அது போக, ஜனவரில தலைகுந்தா பக்கம் விடியக்காலைல புல்லெல்லாம் உறைபனி வெள்ளையா கெடக்கறப்ப பேட்டரி சீக்கிரம் இறங்கிரும், திரையை அணைச்சு வெச்சா இன்னும் அம்பது படம் அதிகமா எடுக்கலாம், அந்த நேரத்துல கரண்டே வேண்டாத ஒரு கண்ணாடித் துண்டோட அருமை தெரியும். ஒரே ஒரு தொல்லை, மூச்சுக்காத்து பட்டதும் பின்பக்கம் வேத்துப் போகும், மூக்கால விடற மூச்சைக் கீழ பாத்து விடப் பழகணும்.

மாட்டறதுல ரெண்டு ஜாக்கிரதை. பழைய வியூஃபைண்டரோட கால் முழு உலோகம், டிஜிட்டல் கேமராவுல இருக்கறது ஹாட் ஷூ, நடுவுல ஃபிளாஷுக்கான காண்டாக்ட் இருக்கும். காலுக்கு அடில மெல்லிசா ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிருங்க, காண்டாக்டும் கீறாது, லூசா இருந்தாலும் இறுகிக்கும். சில கேமராவுல ஷூ ஓரத்துல ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், எதைச் செருகினாலும் ஃபிளாஷ் மாட்டிருக்குன்னு எடுத்துக்கும், அந்த மாதிரி ஆனா செட்டிங்கைப் பாக்கணும், கேமரா கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க.

இன்னொண்ணு, விழும். கண்டிப்பா விழும். கோத்தகிரி கீழ ஒரு தேயிலைச் சரிவுல இறங்கறப்ப செடி உரசி என் 28 கழண்டு விழுந்துருச்சு, விழுந்ததே ஒரு பர்லாங் போனதுக்கு அப்புறம்தான் தெரியும். கவாத்து பண்ணாத தேயிலைக்குள்ள கருப்பா ஒரு கட்டைவிரல் அளவு சாமானைத் தேடறது எப்படின்னு யோசிச்சுக்குங்க. மத்தியானம் ரெண்டு மணிலருந்து தேடி, வேலை முடிஞ்சு வந்துட்டு இருந்த தோட்டத்துக்காரங்க நாலு பேர் சேந்து வரிசை வரிசையா பாத்து, அஞ்சேகாலுக்கு ஒரு பாட்டி எடுத்துக் குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரியே மீன் பிடிக்கற நரம்பை வாங்கி வியூஃபைண்டரோட கழுத்துல ஒரு சுத்து சுத்தி கேமரா வளையத்துல முடிச்சு போட்டேன். ஸார்க்கிக்கும் அதே.

பழசு வாங்கறப்ப ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்துக்கு எதிர்ல சாய்ச்சுப் பாருங்க. நூல் நூலா, மரக்கிளை மாதிரி பரவியிருந்தா பூஞ்சை. நம்ம மலைல ஜூன் ஜூலைல ஊட்டிப் பக்கம் மழை, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர் நவம்பர்ல மறுபடி மழை, பீரோக்குள்ள வெச்ச சட்டையே பூத்துப்போகற ஊர், தோல் டப்பாவுக்குள்ள எந்தக் கண்ணாடியையும் வெக்காதீங்க, தோல்தான் ஈரத்தைப் பிடிச்சு வெக்கும். மாமாவோட டர்ரட்ல 85 கண்ணாடில லேசா பூஞ்சை வந்ததுக்குக் காரணம் அந்த டப்பாதான். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். டர்ரட்னா அஞ்சு எடத்துலயும் டிக்னு நிக்குதான்னு பாக்கணும், பிரைட்லைன்னா கோடு நாலு பக்கமும் முழுசா இருக்கா, கால் வளைஞ்சிருக்கான்னு பாக்கணும். கண்ணாடி வெளில இருக்கற சின்னக் கீறலைப் பத்திக் கவலைப்படாதீங்க, இது படத்துல விழாது, நாம பாக்கறதுக்கு மட்டும்தான்.

யார் எதை வாங்கலாம்னா, மூணு லென்ஸுக்கு மேல மாத்தி மாத்திப் போடறவங்க, மூக்குக்கண்ணாடி போடாதவங்க, கையில பணம் கம்மியா இருக்கறவங்க டர்ரட் வாங்குங்க, வருத்தப்பட மாட்டீங்க. ஐம்பது ஒண்ணே போதும்ங்கறவங்க, ரெண்டு கண்ணும் சமமா இருந்தா கோன்டூர், இல்லாட்டி காசு சேத்து ஸ்பூய். 35-க்கும் 28-க்கும் புது பிரைட்லைனே எடுங்க, பழசுல அந்த அகலத்துக்கு நல்லதா கிடைக்கறது அபூர்வம், கிடைச்சாலும் விலை புதுசுக்கு மேல போகுது. மூக்குக்கண்ணாடி போட்டவங்க எதையும் கண்ணுல வெச்சுப் பாக்காம தபால்ல வாங்காதீங்க, இது ஒண்ணைக் கெஞ்சிக் கேக்கறேன்.

எதை வாங்கினாலும் மொத ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, மாமா சொல்லிக் குடுத்தது. ஸார்க்கி 4-ல பின்மூடி முழுசா கழண்டு வந்துரும். ஃபிலிம் ஓடற எடத்துல ஒரு துண்டு பட்டர் பேப்பரை டேப் போட்டு இழுத்து ஒட்டுங்க, ஷட்டரை பி-ல (அழுத்திப் பிடிக்கற வரைக்கும் தொறந்தே இருக்கும்) வெச்சு கேபிள் ரிலீஸால அழுத்திப் பிடிங்க, லென்ஸை முழுசா தொறந்து வெச்சு, தலை மேல ஒரு கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாத்தா அந்தப் பேப்பர்ல தலைகீழா படம் தெரியும், ஃபிலிம் பாக்கப் போறது அதேதான். எதிர்ச் சுவத்துல அது முடியற நாலு மூலைலயும் சாக்பீஸால குறி போடச் சொல்லி இன்னொருத்தரை நிறுத்துங்க. அப்புறம் கேமராவை அசைக்காம மேல வியூஃபைண்டர்ல பாத்து, அது காட்டற நாலு மூலைக்கும் வேற கலர்ல குறி போடுங்க. ஒரு மீட்டர்ல ஒரு தடவை, ரெண்டு மீட்டர்ல ஒரு தடவை, நாலு மீட்டர்ல ஒரு தடவை. ஜிஆர்னா பேப்பரே வேண்டாம், ஒரு படம் எடுத்துப் பாத்தா போச்சு. எங்க வீட்டுத் திண்ணைச் சுவத்துல ஒரு மீட்டர்ல பேப்பர் காட்டின குறி என்னோட ஸ்பூய் காட்டின குறிக்கு நாலு விரற்கடை கீழ வந்துச்சு, நாலு மீட்டர்லயும் ஏறக்குறைய அதே இடைவெளிதான், ஆனா படம் அவ்வளவு பெருசானதால அது கண்ணுக்கே படல. அந்தச் சாக்பீஸ் குறியை இன்னும் அழிக்கல, அடுத்த வாரம் மாமா அவரோட டர்ரட்டையும் 135 ஜூபிடரையும் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்.